ஜீரோ போட்டதும் என்ன நடக்கிறது? அலுவலகத் தொலைபேசியில் வெளி அழைப்புக்கான அனுமதியும் வழியும்

“எஸ்.டி.டி.யை லாக் பண்ணியாச்சு.” “அந்த டேபிளுக்கு அவுட்கோயிங் கிடையாது.” “நம்ம லைன்ல ஐ.எஸ்.டி. போகாது.” மதுரையில் கடை, லாட்ஜ், மருத்துவமனை என்று எங்கே போனாலும் இந்த மூன்றையும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள். (எஸ்.டி.டி. என்றால் வெளியூர் அழைப்பு, ஐ.எஸ்.டி. என்றால் வெளிநாட்டு அழைப்பு.) மூன்றும் ஒன்றல்ல. ஒரு தடை தொலைபேசி நிறுவனத்தின் பக்கத்தில், லைனின் மேல் இருக்கலாம். இன்னொன்று அலுவலகத்தின் இன்டர்காம் பெட்டிக்குள், ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாக இருக்கலாம். மூன்றாவது தடையே அல்ல. அந்த எண் எந்த லைனில் போக வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றுக்கும் அறிகுறி ஒன்றே: பேச முடியவில்லை. அதனால் கோளாறு ஓரிடத்தில் இருக்க, கை வேறிடத்தில் வைக்கப்படுகிறது.

கணக்கு, நிர்வாகம் என்று வேறு வேலைக்குச் சேர்ந்து, தொலைபேசிப் பொறுப்பும் தலையில் விழுந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெட்டிக்குள் நடப்பது விளங்கிவிட்டால் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

பெட்டியின் இரண்டு பக்கங்கள்

சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை இ.பி.ஏ.பி.எக்ஸ். என்றோ, வெறுமனே இன்டர்காம் பாக்ஸ் என்றோ சொல்கிறோம். இப்போது பல அலுவலகங்களில் பெட்டிக்குப் பதில் ஒரு கணினியில் ஓடும் மென்பொருளே அந்த வேலையைச் செய்கிறது. எதுவானாலும் அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு.

உட்பக்கம் மேசைகளில் இருக்கும் தொலைபேசிகள். ஒவ்வொன்றுக்கும் 201, 202 என்று ஒரு உள் எண் உண்டு. அதுதான் எக்ஸ்டென்ஷன். வெளிப்பக்கம் ஊரோடு நம்மை இணைக்கும் லைன்கள். அவற்றுக்கு டிரங்க் என்று பெயர். டிரங்க் பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனாக இருக்கலாம். ஒரே நேரத்தில் 30 பேர் பேசக்கூடிய பி.ஆர்.ஐ. லைனாக இருக்கலாம், இணையம் வழியாக வரும் எஸ்.ஐ.பி. இணைப்பாக இருக்கலாம், சிம் கார்டு செருகிய கருவியாகவும் இருக்கலாம்.

நாற்பது மேசை இருக்கும் அலுவலகத்தில் நான்கைந்து லைன்களே இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே பேசுவதில்லை என்பதால் அது போதும். அந்த நான்கைந்து லைன்களை யார், எதற்கு, எந்த முறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பதுதான் பெட்டியின் முக்கிய வேலை.

போகலாமா, எந்த பஸ் ஸ்டாண்டு?

மதுரைக்காரர் ஒருவர் வெளியூர் கிளம்புகிறார். வீட்டில் முதலில் எழும் கேள்வி, போகலாமா என்பது. வீட்டில் சரி என்ற பிறகு அடுத்த கேள்வி, எந்த பஸ் ஸ்டாண்டு என்பது. தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்றால் ஆரப்பாளையம். சென்னை, திருச்சி, ராமேஸ்வரம் என்றால் மாட்டுத்தாவணி. ஊருக்குள்ளேயே என்றால் பெரியார் நிலையம். வீட்டில் அனுமதி கிடைத்தவர் தேனிக்கு மாட்டுத்தாவணியில் போய் நின்றால் நேரம்தான் போகும். ஆரப்பாளையத்துக்குச் சரியாகப் போய் நின்றவருக்கும் அதனாலேயே வீட்டில் அனுமதி கிடைத்துவிடாது.

நம் பெட்டியும் ஒவ்வொரு வெளி அழைப்புக்கும் இதே இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இந்த எக்ஸ்டென்ஷன் இந்த எண்ணை அழைக்கலாமா? இது அனுமதி. அழைக்கலாம் என்றால் எந்த டிரங்கில் விடுவது? இது வழி, மென்பொருளில் இதற்கு அவுட்பவுண்ட் ரூட் என்று பெயர் போட்டிருக்கும். இரண்டும் தனித்தனி அட்டவணைகள். ஒன்றில் உள்ள குறையை மற்றொன்றில் சரிசெய்யப் போவதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

சுருக்கமாக: உள்ளே எக்ஸ்டென்ஷன், வெளியே டிரங்க், நடுவில் இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்ல பெட்டிக்குக் கிடைப்பது ஒரே ஒரு தடயம்: நீங்கள் அமுக்கிய இலக்கங்கள்.

பெட்டி எண்ணைப் படிக்கும் விதம்

நாம் ‘சென்னை ஆபீஸ்’ என்று நினைத்து அமுக்குகிறோம். பெட்டிக்குச் சென்னையும் தெரியாது, ஆபீஸும் தெரியாது. எண் எந்த இலக்கத்தில் தொடங்குகிறது, மொத்தம் எத்தனை இலக்கம் என்பதை மட்டும் பார்த்து, தன்னிடம் உள்ள வடிவங்களோடு ஒப்பிடும். இந்த வடிவத்துக்கு டயல் பேட்டர்ன் என்று பெயர். ஆகவே இந்தியாவில் எண்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மதுரைக்குள் லேண்ட்லைன் எண் 7 இலக்கம். வெளியூர் லேண்ட்லைன் என்றால் முன்னால் எஸ்.டி.டி. குறியீடு வரும்: சென்னைக்கு 044, கோயம்புத்தூருக்கு 0422, திண்டுக்கல்லுக்கு 0451, விருதுநகருக்கு 04562. மதுரைக்கு வெளியிலிருந்து நம்மை அழைப்பவர்கள் 0452 போடுவார்கள். முதல் 0-வை நீக்கிவிட்டால் குறியீடும் எண்ணும் சேர்ந்து எப்போதும் 10 இலக்கம்தான். மொபைலும் 10 இலக்கம். 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும். வெளிநாடு என்றால் 00, பிறகு நாட்டுக் குறியீடு. இவை தவிர 100, 101, 108, 112 போன்ற குறுகிய எண்களும், 1800, 1860 எனத் தொடங்கும் எண்களும் உண்டு. 1800 அழைப்பவருக்கு இலவசம்; 1860 இலவசமல்ல.

இங்கே பலர் கவனிக்காமல் விட்ட ஒரு மாற்றம் இருக்கிறது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலை அழைத்தாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். அதற்கு முன் “0-வில் தொடங்கினால் எஸ்.டி.டி., தடு” என்று ஒரே வரியில் எழுதிவைத்த அலுவலகங்கள் ஏராளம். அந்த வரி இன்றைக்கும் பெட்டிக்குள் இருந்தால், அது எஸ்.டி.டி.யோடு உள்ளூர் மொபைல்களையும் சேர்த்துத் தடுத்துக்கொண்டிருக்கும். “லேண்ட்லைன் போகுது, செல்லுக்கு மட்டும் போக மாட்டேங்குது” என்ற புகார் வந்தால் முதலில் தேட வேண்டியது இந்தப் பழைய வரியைத்தான்.

‘மொபைலை விடு, வெளியூர் லேண்ட்லைனைத் தடு’ என்று துல்லியமாக எழுதலாமே என்றால், முழுமையாக முடியாது. 0, அடுத்து 8, அடுத்து ஒன்பது இலக்கம் என்ற வடிவத்தில் மொபைல்களும் அடங்கும். 080 எனத் தொடங்கும் பெங்களூரு லேண்ட்லைன்களும் அடங்கும். இலக்கங்களை மட்டும் பார்க்கும் பெட்டியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. இன்று பெரும்பாலான திட்டங்களில் இந்தியா முழுவதும் ஒரே கட்டணம் என்பதால் அந்தப் பிரிவினைக்கே பெரிய அவசியமும் இல்லை என்பது என் கருத்து. 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் எஸ்.டி.டி. தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் வெளியூர் அழைப்பு உண்மையிலேயே காசைத் தின்றது. மேலாளர்கள் அதைப் பூட்டிவைத்ததில் நியாயம் இருந்தது. காரணம் போன பின்னும் பூட்டு மட்டும் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டு பூஜ்யத்தில் பிறக்கும் இலங்கை

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

நம் அலுவலகங்களில் வெளி லைன் எடுக்க 0 போடுவது வழக்கம். அந்த 0 தொலைபேசி நிறுவனத்துக்கானது அல்ல. ‘நான் வெளியே பேசப்போகிறேன்’ என்று பெட்டிக்கு மட்டும் சொல்வது. வெளியே விடுவதற்கு முன் பெட்டி அதை வெட்டிவிட வேண்டும்.

இப்போது 9443 எனத் தொடங்கும் ஒரு மொபைலை அழைப்பதாக வைத்துக்கொள்வோம். நம் பகுதியில் இப்படித் தொடங்கும் பி.எஸ்.என்.எல். எண்கள் நிறைய. வெளி லைனுக்கு ஒரு 0, மொபைலுக்கு முன்னால் போட வேண்டிய 0 இன்னொன்று, பிறகு 9443. ஆக, பெட்டிக்கு வந்து சேர்வது 009443 என்று தொடங்கும் எண். 00 என்றால் வெளிநாடு. 94 என்றால் இலங்கை.

முதல் 0-வை வெட்டிய பிறகு ஒப்பிட்டால் அது உள்ளூர் மொபைல். வெட்டுவதற்கு முன்பே ஒப்பிட்டால் அது கொழும்பு அழைப்பு. 98-இல் தொடங்கும் எண் ஈரானாகத் தெரியும், 95 மியான்மராகத் தெரியும், 65 சிங்கப்பூராகத் தெரியும். ‘00-வைத் தடு’ என்ற விதி வெட்டும் வேலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் அலுவலகத்தில் ஒருவர்கூட மொபைலுக்குப் பேச முடியாது. அதைவிட மோசம், வெட்ட மறந்து அப்படியே வெளியே விட்டால், ஐ.எஸ்.டி. திறந்திருக்கும் லைனில் அந்த இலக்கங்கள் வெளிநாட்டு எண்ணாகவே போய்ச் சேரும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. வெளி லைனுக்கு 0-வுக்குப் பதில் 9 வைத்துக்கொள்ளலாம். அப்போது இரண்டு பூஜ்யம் சேர்ந்து வருவது உண்மையான வெளிநாட்டு அழைப்பில் மட்டும்தான். அல்லது 0-வையே வைத்துக்கொண்டு, எல்லா விதிகளையும் ‘வெட்டிய பின்’ என்ற ஒரே அடிப்படையில் எழுதலாம். எனக்கு முதலாவது பிடிக்கும். ஆனால் இருபது வருடமாக ஜீரோ போட்டுப் பழகிய விரல்களை மாற்றுவது எளிதல்ல என்பதால் பலர் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள், அதில் தவறில்லை.

வெட்டுவது போலவே ஒட்டுவதும் உண்டு. லேண்ட்லைன் டிரங்கில் உள்ளூர் எண்ணை 7 இலக்கமாகவே விடலாம். எஸ்.ஐ.பி. டிரங்க் தரும் நிறுவனம் முழு எண்ணாகத்தான் வேண்டும் என்று கேட்டால் முன்னால் 0452-ஐப் பெட்டியே ஒட்டி அனுப்பும்படி எழுத வேண்டும். பேசுபவர் எப்போதும் ஒரே மாதிரி அமுக்கட்டும்; டிரங்குக்குத் தக்கபடி மாற்றுவது பெட்டியின் பாடு.

இதுவரை: பெட்டி இலக்க வடிவத்தை மட்டுமே பார்க்கிறது, எந்தக் கட்டத்தில் பார்க்கிறது, வெட்டும் முன்பா பின்பா என்பதைப் பொறுத்து அதே எண் வேறு நாடாகிவிடும்.

யாருக்கு எது: அனுமதி வகுப்புகள்

கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடை, கப்பலூரில் குடோன், சென்னையில் ஒரு கிளை, கொழும்பிலும் கோலாலம்பூரிலும் சரக்கு வாங்குபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாக விதி எழுதினால் ஆள் மாறும்போதெல்லாம் திணற வேண்டும். அதற்குப் பதிலாக நான்கு வகுப்புகள் போதும்: உள்ளே மட்டும், மதுரைக்குள், இந்தியா முழுவதும், வெளிநாடு. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் ஏதாவது ஒரு வகுப்பில் இருக்கும். பெட்டியின் கையேட்டில் இதை சி.ஓ.எஸ். என்றோ டோல் கண்ட்ரோல் என்றோ குறித்திருப்பார்கள்.

குடோன் வாசலில் லாரிக்காரர்கள் எடுத்துப் பேசும் தொலைபேசிக்கு முதல் வகுப்பு. பில் போடும் மேசைக்கும் கணக்குப் பிரிவுக்கும் மூன்றாவது. முதலாளி அண்ணாச்சிக்கும் ஏற்றுமதி பார்ப்பவருக்கும் நான்காவது. வகுப்பு தொலைபேசிக்குத்தான், ஆளுக்கல்ல என்பதை மறக்க வேண்டாம். அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் அவர் மேசையில் யார் உட்கார்ந்தாலும் வெளிநாடு போகும். அதனால்தான் நான்காவது வகுப்புக்கு ஒரு ரகசிய எண்ணும் (PIN, பின் எண்) வைக்கச் சொல்கிறேன். ஆளுக்கொரு பின் எண் கொடுத்தால் அழைப்புப் பதிவேட்டிலும் யார் பேசியது என்று தெரியும்.

பல மென்பொருள் அமைப்புகளில், நீங்கள் எதுவும் செய்யாவிட்டால், எல்லா எக்ஸ்டென்ஷனும் எல்லா ரூட்டையும் பயன்படுத்தலாம் என்பதே தொடக்க நிலை. “பாக்ஸ் புதுசு, எல்லாம் செட் பண்ணித்தான் குடுத்தாங்க” என்ற நம்பிக்கையோடு விட்டுவிடக் கூடாது.

அனுமதியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழிகளும் உண்டு. இவற்றைத்தான் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை. கால் ஃபார்வர்டு: ஒருவர் தன் எக்ஸ்டென்ஷனை வெளியெண் ஒன்றுக்குத் திருப்பி வைத்துவிட்டால், உள்ளே மட்டும் பேசக்கூடிய குடோன் தொலைபேசியிலிருந்து அந்த எக்ஸ்டென்ஷனை அழைத்து வெளியே போய்விடலாம். டிரான்ஸ்ஃபர்: அனுமதி உள்ளவர் வெளி லைன் எடுத்து, அனுமதி இல்லாதவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். டி.ஐ.எஸ்.ஏ.: வெளியிலிருந்து அலுவலக எண்ணை அழைத்து, ஒரு குறியீடு போட்டு, அலுவலக லைன் வழியாகவே வேறு ஊருக்குப் பேசும் வசதி. இந்த வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால், இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

வழிகளின் வரிசை

இந்தக் கடைக்கு இரண்டு லேண்ட்லைன், ஒரு எஸ்.ஐ.பி. இணைப்பு, ஒரு சிம் கருவி இருப்பதாகக் கொள்வோம். மொபைல் அழைப்புகள் சிம் வழியாக, லேண்ட்லைன் அழைப்புகள் லேண்ட்லைன் வழியாக, வெளிநாடு எஸ்.ஐ.பி. வழியாக என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் முதல் வழி ஒன்றும், அது நிறைந்திருந்தால் மாற்று வழி ஒன்றும் எழுதப்படும். செலவு குறைந்த வழியை முதலில் வைப்பதற்கு எல்.சி.ஆர். என்று பெயர்.

ஒரே எண் இரண்டு விதிகளுக்குப் பொருந்தினால் எது வெல்லும்? அது பெட்டிக்குப் பெட்டி மாறும். 1999-இல் மார்க் ஸ்பென்சர் உருவாக்கிய ஆஸ்டரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருள், ஒரே தொகுப்பில் உள்ள விதிகளில் மிகத் துல்லியமாகப் பொருந்துவதை எடுக்கும். அதன்மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸில் ரூட்டுகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்துவது எடுத்துக்கொள்ளப்படும். அங்கே ‘எந்த எண்ணானாலும் லேண்ட்லைன்’ என்ற ஒரு வரியைத் தெரியாமல் மேலே ஏற்றிவிட்டால் கீழே எழுதியதெல்லாம் வீண். உங்கள் பெட்டி எந்த முறை என்பதை மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழி மாறினால், எதிரில் இருப்பவருக்குத் தெரியும் எண்ணும் மாறும். சிம் வழியாகப் போன அழைப்பில் சிம்மின் எண்தான் தெரியும். வாடிக்கையாளர் அதையே திருப்பி அழைப்பார். அந்த சிம்முக்கு வரும் அழைப்பு எங்கே அடிக்க வேண்டும் என்று எழுதிவைக்காவிட்டால், ஆர்டர் சொல்ல அழைத்தவர் அடித்து ஓய்ந்து போவார். வியாபாரத்துக்கு இது கட்டணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

சென்னைக் கிளையோடு இணையம் வழியாக இணைத்து, மதுரையிலிருந்து பேசுவதைச் சென்னை லைனில் வெளியே விடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அலுவலகங்களுக்கிடையிலான இணைப்பையும் பொதுத் தொலைபேசி லைனையும் கலப்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் உண்டு. லைன் தரும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் அதில் இறங்க வேண்டாம்.

108 அடித்தால் எந்த மேசை அடிக்கும்?

எக்ஸ்டென்ஷன் எண்களை 101-லிருந்து தொடங்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. 101 வரவேற்பு, 102 மேலாளர் என்று போய் 108 குடோனாகவும் 112 ஸ்டோர் ரூமாகவும் ஆகிவிடும். யாராவது மயங்கி விழுந்த நேரத்தில் பதற்றத்தில் 108 அமுக்கினால் ஆம்புலன்ஸுக்குப் பதில் குடோனில் மணி அடிக்கும். தீப்பிடித்து 101 போட்டால் வரவேற்பு மேசை எடுக்கும். எக்ஸ்டென்ஷன்களை 201-லிருந்து தொடங்கினால் இந்த ஆபத்து அடியோடு போய்விடும். வேறு எதை ஒத்திப்போட்டாலும் இதை ஒத்திப்போடாதீர்கள்.

அமெரிக்காவில் 2013-இல் டெக்சாஸில் ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் மீண்டும் மீண்டும் 911 அடித்தாள். விடுதித் தொலைபேசியில் வெளி லைனுக்கு முதலில் 9 போட வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. தாய் இறந்துபோனார். அதன் விளைவாக 2018-இல் அந்தத் தாயின் பெயரிலேயே கேரி சட்டம் வந்தது. முன்னெண் எதுவும் போடாமல் 911 அடித்தாலே போக வேண்டும் என்று புதிய அலுவலகத் தொலைபேசி அமைப்புகளை அது கட்டாயப்படுத்தியது. அது அந்நாட்டுச் சட்டம்தான். ஆனால் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி எத்தனை லாட்ஜுகள், அங்கே எத்தனை வெளியூர்க் குடும்பங்கள் தங்குகின்றன! நம் லாட்ஜின் ஜீரோ வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே 100, 101, 108, 112 ஆகியவை எல்லா வகுப்புக்கும், உள்ளே மட்டும் பேசும் தொலைபேசிக்கும், பின் எண் கேட்காமல் திறந்திருக்க வேண்டும். 108 என்று அடித்தாலும் போக வேண்டும், 0108 என்று அடித்தாலும் போக வேண்டும். மின்சாரமோ இணையமோ போனாலும் வேலை செய்யக்கூடிய டிரங்க் ஒன்று அவற்றின் வழிகளில் இருக்க வேண்டும்.

ஞாயிறு இரவில் போகும் அழைப்புகள்

பெட்டி இணையத்தோடு இணைந்திருந்தால், யாரென்றே தெரியாதவர்கள் உலகெங்கிலுமிருந்து அதன் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் 201-க்குக் கடவுச்சொல்லும் 201 என்றிருந்தால் நுழைந்துவிடுவார்கள். நுழைந்ததும் உங்கள் எக்ஸ்டென்ஷனைப் போலவே நடித்து, நிமிடக் கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளைக் கொட்டுவார்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். இரவிலும் விடுமுறையிலும்தான் செய்வார்கள். காலையில் யாராவது பார்க்கும் வரை ஓடும். பில் உங்கள் பெயரில் வரும்.

வெளிநாடே தேவையில்லை என்றால் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி லைனிலேயே ஐ.எஸ்.டி.யை அடைக்கச் சொல்லுங்கள். பெட்டி முழுவதும் திருடன் கைக்குப் போனாலும் அந்தத் தடை நிற்கும். தேவை என்றால், நம் மொத்தக் கடைக்கு வேண்டிய இலங்கையின் 94-உம் மலேசியாவின் 60-உம் மட்டும் திறந்து மற்ற நாடுகளை மூடலாம். 001-ஐத் திறக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்: அமெரிக்கா, கனடாவோடு ஜமைக்கா உள்ளிட்ட கரீபியன் நாடுகளும் அதே 1-இல்தான் இருக்கின்றன. கடை மூடிய பின் வெளிநாட்டு ரூட் தானாக அணையும்படி நேர விதியும் வைக்கலாம்.

சோதித்துப் பார்க்கும் முறை

விதிகளை எழுதி முடித்ததும் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு தொலைபேசியை எடுத்து, போக வேண்டியது போகிறதா என்று பாருங்கள். போகக் கூடாதது போகாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்; இரண்டாவதைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். 94-இல் தொடங்கும் மொபைல் ஒன்று, 080 எண் ஒன்று, உள்ளூர் லேண்ட்லைன் ஒன்று, 1800 எண் ஒன்று, இவை நான்கும் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். ஃபார்வர்டு, டிரான்ஸ்ஃபர் வழியாகவும் முயன்று பாருங்கள். அவசர எண்களைச் சோதனைக்காக அழைக்க வேண்டாம். அவற்றின் விதிகளைத் திரையில் வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தால் போதும்.

அழைப்பு போகாவிட்டால் எங்கே நின்றது என்பதைக் காதாலேயே ஓரளவு ஊகிக்கலாம். கடைசி இலக்கம் முடியுமுன்பே எங்கேஜ் சத்தம் வந்தால் பெரும்பாலும் நம் பெட்டியின் அனுமதி அட்டவணை. இலக்கமெல்லாம் போய், சற்றுப் பொறுத்து, தொலைபேசி நிறுவனத்தின் பதிவுக் குரல் கேட்டால் அழைப்பு வெளியே போய்விட்டது. லைனில் தடை இருக்கலாம், அல்லது வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் பிழை இருக்கலாம். உறுதிப்படுத்த அழைப்புப் பதிவேட்டைத் திறந்து, எந்த டிரங்கில் என்ன இலக்கங்கள் போயின என்று பாருங்கள்.

கடைசியில் இரண்டு அட்டவணைகளையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். ஒன்றில் எக்ஸ்டென்ஷனும் அதன் வகுப்பும். மற்றொன்றில் எண் வடிவம், வெட்டுவது, ஒட்டுவது, முதல் டிரங்க், மாற்று டிரங்க். பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, உறையிலிட்டு, அண்ணாச்சியின் அலமாரியில் பூட்டிவையுங்கள். அடுத்த முறை வேறு மெக்கானிக் வந்தால், அவரிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் பிறகு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.